டாக்டர் ப. சுப்பராயனும் ஆட்சிமொழிச் சிக்கலும்

கிழக்கே தம்மம்பட்டியும் மேற்கே திருச்செங்கோடும் அடங்க விரிந்து கிடந்தது பழைய சேலம் மாவட்டம். 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. அம்மண்ணிலிருந்து சட்டசபை புகுந்து நெடுங்காலம் பணியாற்றியவருள் குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன் (1889–1962) தலையாயவர். தமிழ்நாட்டு மொழிப்போராட்ட வரலாற்றை எழுதுவோர் அவரை 1938-ஆம் ஆண்டோடு நிறுத்திவிடுவர். 1956-ஆம் ஆண்டையும் உடன்வைத்து நோக்கினாலன்றி அவர் நிலை விளங்காது என்பதே ஈண்டு நாம் நிறுவ விழைவது.

1926-ஆம் ஆண்டுத் தேர்தலில், 98 இடங்களுள் சுயராஜ்யக் கட்சி 41 இடங்களையும் நீதிக்கட்சி 21 இடங்களையும் பெற்றன. இரட்டையாட்சியில் பதவி ஏற்கச் சுயராஜ்யக் கட்சியினர் இசைந்திலர். ஆகவே, கட்சி சாராத சுப்பராயன் முதலமைச்சரானார். 1928-இல் சைமன் குழுவை ஒட்டி எழுந்த பூசலில் உடனமைச்சர் இருவரும் விலகினர்; சுப்பராயன் நீதிக்கட்சியின் துணையோடு 1930 வரை பதவியில் நீடித்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகச் சட்டம் 1928-இல் நிறைவேறியது அவ்வமைச்சரவைக் காலத்திலேயே. தமிழாய்வு செழித்த அந்நிலையத்தின் தோற்றத்தை எண்ணுவோர் இதனை மறத்தல் ஆகாது.

பின்னர்க் காங்கிரசில் சேர்ந்த அவர், 1937-இல் இராசாசி அமைச்சரவையில் சட்டமும் கல்வியும் ஏற்றார். 1938 ஏப்பிரலில் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தி கட்டாயப் பாடமாயிற்று. கிளர்ச்சி மூண்டது, நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் சிறைப்பட்ட நிலையில் உயிர்நீத்தனர். அமைச்சரவை அவ்வாண்டு அக்டோபரில் விலகியது. 1940 பிப்பிரவரியில் கட்டாய ஆணை நீக்கப்பெற்றது. முயற்சி முதல்வருடையதேயாயினும், கல்வியமைச்சர் என்ற முறையில் சுப்பராயனுக்கும் அதில் பொறுப்புண்டு.

1955-இல் நடுவணரசு பி. ஜி. கேர் தலைமையில் ஆட்சிமொழி ஆணைக்குழுவை அமைத்தது. அதன் அறிக்கையில் மாறுபட்ட கருத்தை எழுதிச் சேர்த்தோருள் வங்க மொழியறிஞர் சுநீதி குமார் சட்டர்சியும் சுப்பராயனும் குறிப்பிடத்தக்கவர். ஆங்கிலத்தினின்று இந்திக்கு விரைந்து மாறுதல் இந்தி பேசாத மக்களுக்குத் தீங்காகும் என்பது அவர்தம் கருத்தின் சாரம்.

இவ்விரு நிலைகளும் முரணல்லவோ எனின், இரண்டு விடை கூறலாம். முதலாவது, வினாக்களே வேறு. 1938-இல் எழுந்தது பள்ளிப்பாடம் ஒன்றைப் பற்றிய வினா. 1956-இல் எழுந்ததோ அரசுப்பணி, நீதி, நிருவாகம் ஆகியவற்றின் மொழி யாது என்பது. இரண்டாவது, மக்கள் இசைவின்றி வரும் மொழியாணையின் விளைவை அவர் அரசின் உள்ளிருந்தே கண்டவர். அப்பட்டறிவே பிற்காலக் கருத்திற்கு வித்தாயிற்று எனக் கொள்வது பொருந்தும். எனினும் இது நம் கருத்தேயன்றி முடிந்த முடிபன்று. ஆளுங்கட்சியினராய் இருந்துகொண்டே, அவ்வரசு அமைத்த குழுவில் அவர் மாறுபட்டு எழுதினார் என்பதும் கருதத்தக்கது.

1959-இல் நடுவணமைச்சரான அவர், 1962-இல் மகாராட்டிர ஆளுநராக இருக்கையில் மறைந்தார். 1965-க்குப் பின்னும் ஆங்கிலம் தொடரலாம் என்ற ஆட்சிமொழிச் சட்டம் 1963-இல் வந்தது. அதனைக் காண அவர் இருந்திலர். கட்டாய இந்தி ஆணையின் பொறுப்பை அவர்மேல் ஏற்றும் நூல்கள், அவரது மாறுபட்ட குறிப்பையும் அதே பக்கத்தில் பதிதல் வேண்டும். ஒன்றைக் காட்டி ஒன்றை மறைப்பது வழக்குரைஞர் நெறியாகலாம், வரலாற்று நெறியாகாது.