மணலும் வாசலும்

திண்ணைப் பள்ளிக்கூடம் என்றால் ஒன்று பழம்பெருமை பேசுகிறார்கள், இல்லையென்றால் பிரம்பையும் கோதண்டத்தையும் சொல்கிறார்கள். நடுவில் விட்டுப்போன விஷயம் ஒன்று உண்டு: அங்கே 'வகுப்பு' கிடையாது. ஒருவன் மணலில் 'அ' எழுதுவான், பக்கத்திலேயே இன்னொருவன் எண்சுவடி ஒப்பிப்பான். பாடம் பிடிபட்டால்தான் அடுத்தது. முந்தியவன் பிந்தியவனுக்குச் சொல்லித் தருவான்.

1789இல் சென்னை எழும்பூரில், ஐரோப்பியப் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் புகுத்தினார். 1797இல் லண்டனில் அதை நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை'யாக இங்கிலாந்தில் பரவியபோது சிக்கனமே முன்னுக்கு வந்தது: ஒரே வாத்தியார், நூற்றுக்கணக்கான பிள்ளைகள், வகுப்பு வகுப்பாக வரிசை.

அதற்காகத் திண்ணையைக் கொண்டாடிவிடலாமா? அது யார் வீட்டுத் திண்ணை? 1822இல் மன்றோ எடுக்கச் சொன்ன கணக்கில் பெண்பிள்ளைகள் மிகச் சொற்பம். தலித் பிள்ளைகளுக்கென்று 1894இல் அடையாற்றில் ஆல்காட் தனிப்பள்ளி தொடங்க வேண்டியிருந்தது என்பதே திண்ணையின் மீதான தீர்ப்பு.

ஆக, அவரவர் வேகத்துக்கு இடம் இருந்தபோது வாசல் மூடியிருந்தது. வாசல் திறந்தபோது வேகம் ஒன்றாக்கப்பட்டது. பின்தங்கியவன் 'மக்கு' ஆனான். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் வந்த செயல்வழிக் கற்றல், அவரவர் ஏணிப்படியில் அவரவர் ஏற வழிவிட்டது, அதுவும் எல்லாருக்கும் திறந்த பள்ளியில். 'எல்லாரையும் சேர்த்தாச்சு' என்று பதிவேட்டைக் காட்டுகிறவர்களிடம் கேட்க வேண்டியது இதுதான்: உள்ளே வந்த பிள்ளைக்கு, அதுக்குப் பிடிபடுற வரைக்கும் காத்திருக்க யாராவது இருக்காங்களா?