கார்னே

கார்னே என்பது மோட்டார் சைக்கிள், கார் முதலிய சொந்த வாகனங்களை இறக்குமதி வரி கட்டாமல் இன்னொரு நாட்டுக்குள் தற்காலிகமாகக் கொண்டுபோக உதவும் சுங்க ஆவணம். 1954இல் நியூயார்க்கில் ஏற்கப்பட்ட ஐ.நா. உடன்படிக்கை இதற்குச் சட்ட அடிப்படை. எஃப்.ஐ.ஏ. என்ற சர்வதேச வாகனக் கூட்டமைப்பைச் சேர்ந்த சங்கங்கள் கார்னேயை வழங்குகின்றன. இந்தியாவில் மும்பையின் வெஸ்டர்ன் இந்தியா ஆட்டோமொபைல் அசோசியேஷன் தருகிறது.

சுற்றுலா என்று கொண்டுவந்த வண்டியை உள்ளூரில் விற்றுவிட்டால் அரசுக்கு வரி நட்டம். அந்த வரிக்குச் சங்கம் ஜாமீன் நிற்கிறது. சங்கத்திடம் உரிமையாளர் வைப்புத்தொகையோ வங்கி உத்தரவாதமோ தருகிறார். இந்தியா, பாகிஸ்தான், ஈரான், எகிப்து போன்ற நாடுகள் கார்னே கேட்கின்றன. ஐரோப்பாவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் பொதுவாக இது தேவையில்லை. கார்னேயில் இந்தியாவுக்குள் வரும் வெளிநாட்டு வண்டி ஆறு மாதத்துக்குள் வெளியேற வேண்டும்.

கார்னே புத்தகம் ஓராண்டு செல்லும். சேஸிஸ் எண், இன்ஜின் எண், நிறம் தொடங்கி உபரி டயர் வரை அதில் எழுதியிருக்கும். நாட்டுக்கு ஒரு தாள். தாளுக்கு மூன்று துண்டு. நுழையும்போது அடித்துண்டைச் சுங்க அதிகாரி கிழித்து வைத்துக்கொள்வார், வெளியேறும்போது நடுத்துண்டை. மேல்துண்டு புத்தகத்திலேயே தங்கும். அதில் நுழைவு முத்திரை, வெளியேற்ற முத்திரை இரண்டும் இருந்தாக வேண்டும்.

வண்டி கப்பலிலோ விமானத்திலோ போகும்போது பெட்டியின் அளவுதான் செலவைத் தீர்மானிக்கிறது. சரக்கு விமானத்தில் ஒரு கன மீட்டரைச் சுமார் 167 கிலோவாகக் கணக்கிடுவது வழக்கம். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350இன் எடை 195 கிலோ. 2.2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரமுள்ள மரப்பெட்டியில் அதை அப்படியே நிறுத்தினால் 440 கிலோவுக்குக் கட்டணம் விழும். முன்சக்கரத்தையும் ஹேண்டில்பாரையும் கழற்றி 2 × 0.8 × 1.1 மீட்டருக்குள் அடக்கினால் 293 கிலோவுக்குக் கட்டினால் போதும். அரை நாள் ஸ்பேனர் வேலைக்கு இது நல்ல கூலி. பெட்டியில் ஏற்றுமுன் பெட்ரோலை வடித்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். வாகனம் ஆபத்தான சரக்குப் பட்டியலில் ஒன்பதாம் வகுப்பைச் சேர்ந்தது.

கார்னேயில் முத்திரை தவறுவதும் பெரும்பாலும் வண்டியைச் சரக்காக அனுப்பும் இந்தக் கட்டத்தில்தான். நில எல்லையில் ஓட்டுநரே கவுண்டர் முன் நிற்கிறார். துறைமுகத்திலோ புத்தகத்தைக் கிளியரிங் ஏஜென்ட் கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார். வண்டி ஊர் வந்து சேர்ந்திருக்கும். புத்தகத்திலோ அது இன்னும் அந்த நாட்டில்தான் இருக்கும். பல மாதம் கழித்து அந்த நாடு சங்கத்திடம் வரி கேட்கும், சங்கம் வைப்புத்தொகையில் கை வைக்கும். சொந்த நாட்டுச் சுங்க அதிகாரி வண்டியை நேரில் பார்த்து, அது இங்கேதான் இருக்கிறது என்று சான்று தந்தால் மீள வழியுண்டு, அலைச்சல்தான் மிச்சம். எனவே வெளியேற்ற முத்திரையை உங்கள் கண்ணால் பார்க்காமல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பாதீர்கள்.