அம்பாசிடரிலிருந்து மூன்று சிலிண்டர் வரை – ஒரு பழைய மாணவனின் கணக்கு



போன கூட்டத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேப்பமரத்தடியில் நடந்த வாக்குவாதம் பலருக்கும் நினைவிருக்கும். "அந்தக் காலத்து இன்ஜின் மாதிரி வருமாடா? இப்ப வர்றதெல்லாம் தகர டப்பா, மைலேஜ் மைலேஜ்னு சொல்லி உயிரை எடுத்துட்டான்" என்று நம் வகுப்பு நண்பர் ஒருவர் ஆரம்பித்தார். நாங்கள் மூன்று பேர் எதிர்த்தோம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் தீர்ப்பு வராமலே பிரிந்தோம். மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டபோது, அந்தப் பாக்கியை இங்கே தீர்த்துவிடலாம் என்று தோன்றியது.

இயற்பியல் படித்துவிட்டு வண்டிப் பட்டறையில் 31 வருஷம் கிரீஸோடு வாழ்ந்தவன் என்ற ஒரே தகுதியில்தான் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் ஊர் பொம்மையார்பாளையம். புதுச்சேரிக்கு வடக்கே, கடலை ஒட்டிய ஊர். நான் சின்னப் பையனாக இருந்தபோது கரையில் கட்டுமரம்தான். வடக்கே மரக்காணம் உப்பளத்தில்தான் முதன்முதலில் இன்ஜின் சத்தத்தை நின்று கேட்டேன். உப்புத்தண்ணீர் இறைக்கும் ஆயில் இன்ஜின் அது. ஒற்றை சிலிண்டர், பெரிய சக்கரம், நிமிடத்துக்கு 650 சுற்று. கைப்பிடி போட்டுச் சுற்றி விட்டால் 'டொக் டொக்' என்று ஓடும். டீசலைத் தாராளமாகக் குடிக்கும், கரும்புகை விடும். ஆனால் உப்புக்காற்றிலே வருஷக்கணக்காக நின்று உழைக்கும். கெட்டுப்போனால் உப்பளத்து ஆளே ஸ்பானர் எடுத்துப் பிரித்துவிடுவார். நம் நண்பர் மனதில் இருப்பது இப்படிப்பட்ட இன்ஜின்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் காருக்கு வந்தால் கதை அவ்வளவு சுலபமில்லை. அம்பாசிடரையே எடுத்துக்கொள்வோம். 1959-ல் அதற்கு 1489 சி.சி. மேல்வால்வு இன்ஜின் வந்தது. குதிரைத்திறன் சுமார் 50. அதாவது லிட்டர் கொள்ளளவுக்கு 33 அல்லது 34 குதிரைதான். அவ்வளவு பெரிய இரும்புக்கட்டியிடம் அவ்வளவு கொஞ்சமாக வேலை வாங்கினால் அது ஏன் உடையப்போகிறது? அதன் உறுதிக்கு அதுதான் ரகசியம்.

உடையாதே தவிர, தொல்லை கொடுக்காமல் இருந்ததா? பட்டறைக்காரனைக் கேளுங்கள். பிளாட்டினம் பாயிண்ட் தேயும், ராவி இடைவெளி சரி செய்யணும். கார்புரேட்டரில் தூசி அடைக்கும். மழைக்காலத்தில் டிஸ்டிரிபியூட்டர் மூடியில் ஈரம் ஏறி வண்டி நடுரோட்டில் நிற்கும். ஹெட்டை இறக்கிக் கரி சுரண்டணும், வால்வு தேய்க்கணும். ஒரு லட்சம் கிலோமீட்டருக்குள்ளேயே ரிங் மாற்றுவதும் போர் போடுவதும் சர்வசாதாரணம். இதையெல்லாம் நாம் 'ரிப்பேர்' என்று சொன்னதே இல்லை, 'மெயின்டனன்ஸ்' என்று சொல்லிவிட்டோம். டிரைவர் சீட்டுக்கு அடியிலே ஃபேன் பெல்ட்டும் பிளாட்டினமும் வைத்துக்கொண்டு மதுரைக்குப் போனவர்கள், "வண்டி ஒரு நாளும் நின்னதில்லை" என்று இன்றைக்குச் சொல்கிறார்கள்!

பழைய எளிய இன்ஜின் மட்டும் போதும் என்பதற்கு நம் சென்னை அருகிலேயே ஒரு எதிர்ச்சாட்சி உண்டு. வண்டலூர்ப் பக்கம் கார் தயாரித்துக்கொண்டிருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி, ஹெரால்டு கார் மூலம் நமக்கெல்லாம் தெரிந்த கம்பெனி, 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற காரைக் கொண்டுவந்தது. வெளியே இங்கிலாந்து ரோவரின் அழகான உடம்பு. உள்ளே பழைய வேன்கார்டு காலத்து 2 லிட்டர் இன்ஜின். எளிமையானது, பழகினது. ஆனால் அந்தக் கனத்த உடம்பை இழுக்கத் திணறியது, பெட்ரோலையும் குடித்தது. 1988-ல் தொழிற்சாலையே நின்றது. எளிமை அவர்களைக் காப்பாற்றவில்லை.

அதற்கு முன்பே, 1983 டிசம்பரில் மாருதி 800 வந்துவிட்டது. 796 சி.சி., மூன்று சிலிண்டர். எங்கள் பட்டறையில் அதைப் பார்த்துச் சிரித்தோம். "பொம்மை வண்டி, ரெண்டு மழைக்குத் தாங்காது" என்று பந்தயம் கட்டிய மூத்த மெக்கானிக்கை எனக்குத் தெரியும். பந்தயத்தில் தோற்றார். பாதி பெட்ரோலில் ஓடியது, அம்பாசிடரைவிடக் குறைவாகவே பட்டறைக்கு வந்தது. ஆக, புதிது என்றாலே உறுதி குறைவு என்ற வாதம் அன்றைக்கே பொய்த்தது.

அடுத்த திருப்பம் 1990-களின் இறுதி. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது. கார்புரேட்டர் கிடையாது. கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று பெட்ரோலை அளந்து தெளிக்கும். 1999-ல் உச்சநீதிமன்றம் தலைநகர் டெல்லிப் பகுதிக்கு யூரோ புகைவிதிகளைக் கட்டாயமாக்கியது. பிறகு படிப்படியாக எல்லா ஊருக்கும் அது வந்து, கார்புரேட்டர் காரிலிருந்து மறைந்தது. நாங்கள் பயந்தோம். "பெட்டி போச்சுன்னா வண்டி போச்சு." நடந்தது வேறு. தேயும் பாயிண்ட் இல்லை, அடைக்கும் ஜெட் இல்லை, திணறும் சோக் இல்லை. காலையில் சாவி திருப்பினால் ஸ்டார்ட். சிக்கல் கூடியது, தொல்லை குறைந்தது. 1997-ல் ஜப்பானில் வந்த டொயோட்டா பிரியஸ் இதற்கு இன்னும் பெரிய சாட்சி. இன்ஜினோடு மின்மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த அத்தனை சிக்கலான வண்டி, உலகமெங்கும் டாக்சிக்காரர்கள் நம்பி வாங்கும் வண்டியாயிற்று.

அப்படியானால் நண்பர் சொன்னது முழுத்தப்பா? இல்லை. இங்கேதான் கவனிக்க வேண்டும்.

2012-ல் ஃபோர்டு கம்பெனி ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ வைத்த 'எக்கோபூஸ்ட்' இன்ஜினைக் கொண்டுவந்தது. தொடர்ந்து மூன்று ஆண்டு உலகின் சிறந்த இன்ஜின் என்று விருது. 2013-ல் நம் மறைமலைநகரில் தயாரான எக்கோஸ்போர்ட் காரில் அது வந்தபோது 999 சி.சி.யிலிருந்து சுமார் 125 குதிரைத்திறன். அம்பாசிடரில் லிட்டருக்கு 34 குதிரை, இதில் 125! கிட்டத்தட்ட நாலு மடங்கு. உராய்வைக் குறைக்க, உள்ளே ஓடும் பெல்ட்டை ஆயிலிலேயே நனைந்து ஓடும்படி வைத்தார்கள். மைலேஜ் கொஞ்சம் கூடியது. ஆனால் ஆயில் தரம் தப்பினாலோ, மாற்ற நாளானாலோ பெல்ட் உரிந்து, அந்தத் துகள் ஆயில் பம்பின் சல்லடையை அடைத்தது. ஆயில் பம்பை ஓட்டும் பெல்ட்டின் கோளாறுக்காக 2023 டிசம்பரில் அமெரிக்காவில் சுமார் 1,40,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். அதில் 2018 முதல் அங்கே விற்ற எக்கோஸ்போர்ட்டுகள் நம் மறைமலைநகரில் பூட்டியவை. அந்தத் தொழிற்சாலையில் நம் கல்லூரிப் பிள்ளைகள் சிலரும் வேலை பார்த்தார்கள். ஆகவே இதை ஏளனமாகச் சொல்லவில்லை, வருத்தத்தோடு சொல்கிறேன்.

டீசலிலும் அப்படியே. பழைய நாசில் 150, 200 பார் அழுத்தத்தில் திறக்கும். இன்றைய காமன் ரெயில் 2000 பார் வரை போகிறது. தெளிக்கும் துளை தலைமுடி அளவுதான். டீசலில் கொஞ்சம் தண்ணீர் கலந்தாலும் அது மன்னிக்காது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வந்தது. பி.எஸ்.-5 என்ற படியையே தாண்டி, 2016-ல் அறிவித்து நாலே வருஷத்தில் முடிக்கச் சொன்னார்கள். புகைக்குழாயில் கரிவடிகட்டி வந்தது. சேரும் கரியை அது சூட்டிலே தானே எரித்துக்கொள்ளும். ஆனால் அந்தச் சூடு வர, வண்டி கொஞ்ச நேரம் நிற்காமல் வேகமாக ஓடியாக வேண்டும்.

இப்போது அந்த இன்னொரு காரணம். எங்கள் அக்கா மகன் ஊரில் டாக்சி ஓட்டுகிறான். கடன் போட்டு வண்டி எடுக்கும்போது என்னைத்தான் கேட்டான். "டீசல் எடு, மைலேஜ் கிடைக்கும்" என்றேன். அவன் ஓட்டமெல்லாம் ஆரோவில், காலாப்பட்டு, ஜிப்மர், ரயில்வே ஸ்டேஷன். எல்லாம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர், சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிற ஓட்டம். இரண்டாவது வருஷம் மஞ்சள் விளக்கு எரிந்தது. அவன் கண்டுக்கலை. வண்டி இழுக்காமல் போன பிறகு பட்டறைக்குப் போனான். வந்த பில்லைக் கட்ட மனைவியின் வளையல் அடகுக்குப் போனது. "மாமா, நீங்கதானே சொன்னீங்க" என்று அவன் ஒரு தடவைகூட கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். குற்றம் இன்ஜினிடமா? அரைக்கால் பங்குதான். அந்த வடிகட்டி எதற்கு என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. முப்பது வருஷம் பட்டறையில் இருந்த நானே அவன் ஓட்டத்தைக் கேட்காமல் மைலேஜை மட்டும் பார்த்தேன். அது என் தப்பு.

என் கணக்கு இதுதான். தேய்மானத்தை நீக்கும் சிக்கல் நல்லது. எலெக்ட்ரானிக் இக்னிஷனும் பெட்ரோல் தெளிப்பும் அந்த வகை. சூட்டையும் அழுத்தத்தையும் எல்லைக்குத் தள்ளி மைலேஜைப் பிழியும் சிக்கலில், கையிருப்பு குறைகிறது. அது ஓடும்வரை அருமை. ஆயில், டீசல், ஓட்டும் முறை மூன்றில் ஒன்று தவறினாலும் தண்டனை பெரிது. பழைய இன்ஜின் அடிக்கடி கெட்டது, ஐம்பது ரூபாயில் ஓடியது. புது இன்ஜின் அபூர்வமாகக் கெடுகிறது, ஒரு வருஷச் சேமிப்பைக் கேட்கிறது. கணக்குப்படி புதியதுதான் உறுதி. ஆனால் மாதச் சம்பளக்காரருக்கும் டாக்சிக்காரருக்கும் அந்த உறுதி ஒன்றல்ல. சராசரியில் யாரும் வாழ்வதில்லை.

எங்கள் ஊர் மீனவர்கள் இதை வேறு விதத்தில் கண்டவர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகும் இன்ஜினும் வந்தபோது, அவர்கள் கேட்ட முதல் கேள்வி மைலேஜ் அல்ல. "நடுக்கடல்ல நின்னா நானே பிரிக்க முடியுமா?" என்பதுதான். அந்தக் கேள்வியை நாமும் கார் ஷோரூமில் கேட்கலாம். யார் பிரிப்பார், எவ்வளவு ஆகும், எத்தனை நாள் வண்டி நிற்கும்?

அக்கா மகன் வளையலை மீட்டுவிட்டான். வண்டியை விற்கவில்லை. வாரம் ஒரு தரம் விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வரை நிற்காமல் ஓட்டிவிட்டு வருகிறான். சில நாள் நானும் கூடப் போவேன். உப்பளத்துப் பக்கம் டீ குடிக்க நிறுத்தும்போதும் வண்டியை அணைக்கமாட்டான், "கரி எரியட்டும் மாமா" என்பான். தூரத்தில் எங்கோ ஒரு ஆயில் இன்ஜின் டொக் டொக் என்று தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கும்.

நண்பரே, உங்கள் பக்கம் பாதி நியாயம், எங்கள் பக்கம் பாதி. மீதியை இந்தக் கூட்டத்தில், அதே வேப்பமரத்தடியில் பேசிக்கொள்வோம். பஸ் நேரத்தை மட்டும் முன்னாலேயே கேட்டு வையுங்கள்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் நட்பு!