பூ அலங்காரத்துக்கு அந்தப் பச்சை ஃபோம் தேவையா? பிரிட்டன் கிளப்கள் சொல்லித்தரும் சீஸன் டெக்னிக்!

ரிசப்ஷன் மேடை பூ அலங்காரத்தைப் பின்பக்கம் போய்ப் பார்த்திருக்கீங்களா? செங்கல் சைஸ்ல ஒரு பச்சை ஸ்பாஞ்ச், அதுக்குள்ள காம்புகளைக் குத்தி வெச்சிருப்பாங்க. அதுதான் ஃப்ளோரல் ஃபோம். 1954-ல் அமெரிக்காவில் அறிமுகமானது. தண்ணீரை உறிஞ்சி வெச்சுக்கும். காம்பை எப்படிக் குத்தினாலும் அசையாம நிக்கும்.

ஆனா அது பிளாஸ்டிக். நொறுங்கினா மைக்ரோ பிளாஸ்டிக் தூளாகி, சிங்க்ல ஊத்துற தண்ணியோட ஆறு, கடல் வரைக்கும் போயிடும். இதனாலதான் பிரிட்டனின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி, புகழ்பெற்ற செல்சீ மலர்க் கண்காட்சி உட்பட தன்னோட எல்லா ஷோக்களிலும் 2021 முதல் இதைத் தடை செஞ்சிருச்சு.

அப்போ கிளப்கள் என்ன பண்ணும்?

பிரிட்டன்ல பல ஊர்களில் பூ அலங்கார கிளப் உண்டு. கூடி டெமோ பார்ப்பாங்க, போட்டி வைப்பாங்க. இவங்களுக்கான தேசியக் கூட்டமைப்பு 1959-ல் உருவாச்சு. ஃபோம் இல்லாத வழி இவங்களுக்குப் புதுசு இல்ல. 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்குப் பூ அலங்காரம் செஞ்ச கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை, ஜாடிக்குள்ள கோழிவலைக் கம்பியைச் சுருட்டிவெச்சுதான் காம்புகளை நிறுத்துவார். வேலியோரச் செடி, கேல் கீரை இலைனு கையில கிடைச்சதையெல்லாம் சேர்ப்பார்.

எந்த சீஸனுக்கு எது?

வசந்தம்: டாஃபடில், டியூலிப். டாஃபடில் காம்புல வடியுற பால் மத்த பூக்களை வாட வைக்கும். அதனால சில மணி நேரம் தனித் தண்ணியில வெச்சுட்டுத்தான் சேர்க்கணும். டியூலிப் வெட்டின பிறகும் வளரும்; கொஞ்சம் இடம் விடுங்க.

கோடை: ரோஜா, ஸ்வீட் பீ.

இலையுதிர் காலம்: டாலியா, சாமந்தி. டாலியா மொட்டு ஜாடியில சரியா விரியாது. மலர்ந்த பிறகே வெட்டணும்.

குளிர்காலம்: பூ குறைவு. ஹாலி இலையும் சிவப்புப் பழமும், ஐவி கொடியும் கைகொடுக்கும்.

ஃபோமுக்குப் பதிலா...

* கசக்கின கோழிவலை. திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.
* ஜப்பானியர்களின் கென்ஸான். கனமான உலோகத் தட்டுல நெருக்கமா ஊசிகள் இருக்கும்; காம்பை அதுல குத்தணும்.
* முதல்ல கிளைகளைக் குறுக்கும் நெடுக்குமா வெச்சு, அந்த இடுக்குல பூக்களைச் செருகலாம்.

ஒண்ணு உண்மை: தொங்கவிடுற அலங்காரத்துக்கு இதெல்லாம் ஃபோம் அளவுக்கு ஈஸி இல்ல. தண்ணி சிந்தாம இருக்க மெனக்கெடணும்.

ரொம்ப நாள் வாடாம இருக்க...

காலையிலயோ சாயங்காலமோ வெட்டுங்க. காம்பைச் சாய்வா நறுக்கி, தண்ணிக்குள்ள மூழ்குற இலைகளைக் கிள்ளிடுங்க. அலங்கரிக்கிறதுக்கு முன்னாடி சில மணி நேரம் பக்கெட் தண்ணியில நிக்கட்டும். அப்புறம் தண்ணியை அடிக்கடி மாத்துங்க.

அடுத்த முறை வீட்டு விசேஷத்துக்கு டெக்கரேஷன் பேசும்போது ரெண்டே கேள்வி கேளுங்க: 'இந்த சீஸன்ல இங்க என்ன பூ கிடைக்கும்? ஃபோம் இல்லாம பண்ணித் தருவீங்களா?'