விலக்கும் விலகலும்: பழனி மலைச் சூழலில் முன்தகுதித் தளர்வும் காலங்கடந்த பாட விலகலும்

1. ஆய்வுப் பொருள்

கொடைக்கானலில் 1984-இல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் வளாகம் அட்டுவம்பட்டியில் உள்ளது. பழனியில் உள்ள அருள்மிகு பழனியாண்டவர் மகளிர் கலைக் கல்லூரியும் பெரியகுளத்தில் உள்ள ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரியும் அதனோடு இணைந்தவை. ஆகவே மலையிலும் அடிவாரத்திலும் படிக்கும் பெண்களை ஒரே பல்கலைக்கழகம் இணைக்கிறது. இவர்களைப் போன்ற மாணவியருக்கு நமது உயர்கல்வி விதிகள் இரண்டு இடங்களில் எவ்வளவு இடம் தருகின்றன என்பதே இக்கட்டுரையின் வினா. ஒன்று, முன்தகுதி இல்லாமல் ஒரு பாடத்துக்குள் நுழைவது. மற்றொன்று, பருவம் பாதி கடந்தபின் ஒரு பாடத்தை விடுவது.

2. சொல்லும் பொருளும்

‘விலகு’ என்பது தன்வினை. ‘விலக்கு’ என்பது பிறவினை. முன்தகுதி விலக்கில் வினை நிறுவனத்துடையது: தடையை அது எடுத்துவிடுகிறது. பாடத்திலிருந்து விலகுவதில் வினை மாணவியுடையது: தன் நிலையை உணர்ந்து அவளே முடிவெடுக்கிறாள். இந்த இலக்கண வேறுபாடு விதிகளிலும் தெரிய வேண்டும். நடைமுறையில் விலகலும் பிறவினையாகிவிட்டது. யாரேனும் மனமிரங்கினால்தான் அது நடக்கிறது.

3. முன்தகுதி விலக்கு

3.1 நுழைவு நிலை

பள்ளிப் படிப்பும் இளநிலைப் பட்டமும் இல்லாதவர்களைத் திறந்தவெளி முறையில் முதுநிலையில் சேர்த்த வழக்கம் தமிழ்நாட்டில் இருந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில், அடிப்படைப் பட்டமின்றிப் பெற்ற முதுநிலைப் பட்டம் செல்லாது என்று 2009-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்தாம் வகுப்பும் மேல்நிலையும் முடிக்காமல் பெற்ற திறந்தவெளிப் பட்டங்கள் அரசுப் பணிக்கு ஏற்கத்தக்கவை அல்ல என்று அதே ஆண்டில் தமிழக அரசும் ஆணையிட்டது. விலக்கு அளித்தது நிறுவனம். அதன் விலையைக் கொடுத்ததோ வேலைக்கு விண்ணப்பித்த பட்டதாரி. மேலுள்ள அமைப்புகள் ஏற்காத விலக்கு, பல ஆண்டுகள் கழித்து மாணவரின் தலையில்தான் விழும்.

3.2 பாட நிலை

ஒரு பட்டத்துக்குள் நடப்பது இதற்கு நேர்மாறு. முதல் பருவக் கணிதத்தில் தோற்றவர் இரண்டாம் பருவக் கணித வகுப்பில் இயல்பாக உட்காருகிறார். பழைய தாள் ‘அரியர்’ என்ற பெயரில் கூடவே வருகிறது. இது பெயர் சூட்டப்படாத முன்தகுதி விலக்கு. மாணவியிடம் அடிப்படை இருக்கிறதா, இல்லையென்றால் எப்படி ஈடுசெய்வது என்று எவரும் கேட்பதில்லை.

2020 ஆகஸ்டில், கொரோனா காலத்தில், தேர்வுக் கட்டணம் செலுத்தியிருந்தவர்களுக்கு அரியர் தாள்களில் தேர்வின்றித் தேர்ச்சி என்று அரசு அறிவித்தது. 2021 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்க மறுத்துத் தேர்வு நடத்தச் சொன்னது. ஆளாளுக்கு அளந்து தரவேண்டிய சலுகையை மொத்தமாக அள்ளி வழங்கினால் அது நிலைக்காது என்பதற்கு இது சான்று.

4. விலகல்

4.1 படிப்பை விடுதல்

பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கை இங்கே நல்ல முன்மாதிரி. சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாட்களோ அதற்கு மேலோ முன்பாக விலகினால், சிறு நடைமுறைக் கழிவு போக முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். அதற்குப் பின், கடைசி நாளுக்குள் விலகினால் 90 விழுக்காடு. கடைசி நாள் கடந்து 15 நாட்களுக்குள் என்றால் 80, அடுத்த 15 நாட்களுக்குள் என்றால் 50, அதற்கும் பின் ஒன்றுமில்லை. கறாரான விதிதான். ஆனால் நாளும் தொகையும் எழுத்தில் இருப்பதால் எவர் முன்னும் கைகட்டி நிற்கத் தேவையில்லை.

4.2 தேர்விலிருந்து விலகுதல்

அண்ணா பல்கலைக்கழக விதிகளில், உடல்நலக் குறைவு, எதிர்பாராத குடும்பச் சூழல் போன்ற காரணங்களுக்காகப் படிப்புக்காலம் முழுவதிலும் ஒரே ஒரு பருவத்தில் தேர்விலிருந்து விலகலாம். அது தேர்வெழுதிய முயற்சியாகக் கணக்கிடப்படாது. சிறப்புத் தகுதியுடன் கூடிய முதல் வகுப்புக்கும் தடையாகாது. விண்ணப்பத்துக்குப் பத்து நாள் கெடு உண்டு; சிறப்புச் சூழல்களில் அது தளரும்.

4.3 வருகைக் கணக்கு

தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும் என்பது பரவலான விதி. 65 முதல் 75 வரை இருப்பவர்களுக்கு உரிய காரணத்தின் பேரில் குறைவு பொறுத்துக்கொள்ளப்படுகிறது. 90 வேலைநாள் கொண்ட பருவத்தில் 22 நாட்கள் வரை வராமல் இருக்கலாம். அதைத் தாண்டி, அந்தச் சலுகையும் கிடைக்காவிட்டால், ஒரு தாளை மட்டும் கைவிட்டு மற்றவற்றைக் காப்பாற்றிக்கொள்ளப் பெரும்பாலும் வழியில்லை. பருவமே ஆட்டம் காண்கிறது. இதற்கு மாறாக, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், தொடக்க வாரங்களில் விட்ட பாடம் சான்றிதழில் தடமின்றி மறையும். பின்னர் விட்டால் விலகலுக்குரிய ஓர் எழுத்து மட்டும் நிற்கும், மதிப்பெண் சராசரியைத் தொடாது.

5. மலைச் சூழல்

ஒற்றைப்படைப் பருவத் தேர்வுகள் நவம்பரை ஒட்டி வருகின்றன. வடகிழக்குப் பருவமழை மலையைத் தாக்குவதும் அப்போதுதான். 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் சாலைகளில் மரங்களைச் சாய்த்துப் போக்குவரத்தை நிறுத்தியது. மண் சரிவு பத்து நாள் முன்னறிவிப்போடு வருவதில்லை.

பெருமாள்மலையிலிருந்து பழனிக்குப் படிக்கப்போகும் ஒரு மாணவியை எண்ணிப் பார்ப்போம். மழைக்காகக் கொடைக்கானல் வட்டத்துக்கு மட்டும் ஆட்சியர் விடுமுறை அறிவிக்கிறார். அவள் வீடு இருப்பது விடுமுறை வட்டத்தில். கல்லூரி இருப்பது வகுப்பு நடக்கும் வட்டத்தில். பேருந்து மலையிறங்கவில்லை. வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்ற குறி மட்டும் விழுகிறது. சாலையில் கிடக்கும் மரத்தைக் குறிக்க அங்கே கட்டம் இல்லை.

2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி தொடரும் மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் தருகிறது. ஒரு பாடத்தை விட வழியில்லாமல் படிப்பையே விடுபவள் அந்தத் தொகையையும் இழக்கிறாள்.

6. முடிவும் பரிந்துரையும்

முதலாவதாக, ஒவ்வொரு பாடத்தின் முன்தகுதியும் ‘எந்தத் தாளில் தேர்ச்சி’ என்பதோடு ‘எந்தத் திறன் தேவை’ என்றும் எழுதப்பட வேண்டும். முதல் இரு வாரங்களில் சிறு தேர்வும் ஆசிரியர் ஒப்புதலும் இருந்தால் விலக்கு தரலாம். அது ஆட்சிக்குழு ஏற்ற விதியாக இருப்பது கட்டாயம்.

இரண்டாவதாக, பருவத்தின் நடுவே ஒரு நாளைக் குறித்து, அதுவரை ஒரு பாடத்தை அரியர் கணக்கில் சேராமல் விடும் உரிமை வேண்டும். 

மூன்றாவதாக, மாணவி வசிக்கும் வட்டத்துக்கு அறிவித்த மழை விடுமுறையே அவள் வராமைக்குப் போதிய சான்றாக வேண்டும்.

தொல்காப்பியம் தன் இயல்கள் பலவற்றின் இறுதியில் புறனடை நூற்பாக்களை வைக்கிறது. சொன்ன விதிக்குள் அடங்காதவற்றையும் தழுவிக்கொள்ளும் இடம் அது. விதி எழுதியவரே அதற்கு அப்பாலும் வழக்கு உண்டு என்று எண்ணி, அதையும் எழுதிவைத்தார். அந்த மரபில் வந்த நாம், மலையிறங்க முடியாத மாணவிக்கும் நம் விதிநூலில் ஒரு புறனடை எழுதிவைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.