அறங்காவலர் என்னும் சொல்

1971 மே 18 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மக்கள் தங்கள் அரசியல் சாசனத்தில் ஒரு புதிய பிரிவைச் சேர்க்க வாக்களித்தனர். தூய காற்றும் தூய நீரும் மக்களின் உரிமை. பொது இயற்கை வளங்கள் இனிப் பிறக்கவிருப்போர் உட்பட எல்லாருக்கும் உரிய சொத்து. அரசு அச்சொத்தின் அறங்காவலர் என்பதே அதன் சாரம். நால்வர் ஆதரிக்க ஒருவர் எதிர்த்தார் என்னும் அளவில் அது நிறைவேறிற்று. களிப்பாறையை உடைத்து எரிவாயு எடுக்கும் தொழிலைச் சட்டம் எவ்வாறு நெறிப்படுத்தியது என்று ஆராயப் புகும் நாம், அத்தொழில் அம்மண்ணில் கால்கொள்வதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட இந்தச் சிறு பிரிவிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது.

அதனை எழுதவைத்தது பட்ட துன்பம். அம்மாநிலத்தின் காடுகள் மரத்துக்காக மொட்டையடிக்கப்பட்டன. 1859-இல் டைட்டஸ்வில் ஊரில் எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்டது. நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து கசிந்த அமில நீர் ஓடைகளைச் செந்நிறமாக்கியது. 1959 சனவரி 22 அன்று, சஸ்குவெகன்னா ஆற்றின் அடியில் அனுமதித்த எல்லையைத் தாண்டிக் குடைந்த நாக்ஸ் சுரங்கத்தின் கூரை பிளந்து, ஆறே உள்ளே பாய்ந்தது. பன்னிருவர் மாண்டனர். ஆற்றில் எழுந்த சுழியை அடைக்க இரயில் பெட்டிகளையே உருட்டிவிட்டார்களாம்! இத்தனைக்கும் பிறகு எழுந்த பிரிவு அது.

ஆயினும் அது விரைவிலேயே உறங்கிப்போயிற்று. வில்க்ஸ்-பாரி நகரில் ஆற்றங்கரைப் பூங்காவின் ஒரு பகுதியை வெட்டித் தெருவை அகலப்படுத்துவதை எதிர்த்துச் சிலர் வழக்காடினர். 1973-இல் நீதிமன்றம் தெருவுக்கே வழிவிட்டது. அதோடு, அரசின் செயலை எளிதில் நியாயப்படுத்தும் ஒரு சோதனையையும் வகுத்துத் தந்தது. அதன்பின் நாற்பது ஆண்டுகள் அப்பிரிவு பெரும்பாலும் ஏட்டிலேயே கிடந்தது.

இதற்கிடையே தொழில்நுட்பம் வளர்ந்தது. நீரையும் மணலையும் வேதிப்பொருள்களையும் பேரழுத்தத்தில் செலுத்தி, ஒரு கிலோமீட்டருக்கும் கீழே உள்ள ஷேல் பாறையில் விரிசல்களை உண்டாக்குவார்கள். ஒரு கிணற்றுக்கு ஒரு கோடி லிட்டருக்கும் மேல் நீர் செலவாகும். மீண்டு வரும் நீரில் உப்பும் கதிரியக்கமும் கலந்திருக்கும். 1974-ஆம் ஆண்டின் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டம் நிலத்தடியில் திரவம் செலுத்துவதைக் கட்டுப்படுத்தியது. விரிசல் முறையும் அதில் அடங்கும் என்று 1997-இல் அலபாமா வழக்கொன்றில் நடுவண் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 2005-ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டம், டீசல் பயன்படுத்தும் கிணறுகள் நீங்கலாக, இம்முறைக்கு விலக்களித்துவிட்டது. இத்தொழிலில் முன்னோடியான ஹாலிபர்ட்டன் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் டிக் சேனி அப்போது துணைக் குடியரசுத் தலைவர். ஆகவே மக்கள் அதற்கு ‘ஹாலிபர்ட்டன் ஓட்டை’ என்று பெயர் சூட்டினர். பெயர் பொருத்தமானதே என்பது நம் கருத்து.

நடுவண் அரசு விலகி நின்றபின் பொறுப்பு மாநிலத்தின்மேல் விழுந்தது. 2009 புத்தாண்டு நாளில் டிமாக் என்னும் சிற்றூரில் ஒரு வீட்டுக் கிணறு வெடித்தது. அப்பகுதிக் குடிநீரில் மீத்தேன் கலந்திருந்தது. அங்குத் தோண்டிய காபட் நிறுவனத்தின் வழித்தோன்றல், பல ஆண்டு வழக்குக்குப்பின், 2022-இல்தான் குற்றச்சாட்டை மறுத்து வாதாடாமல், குடிநீர்த் திட்டத்துக்குப் பணம் தர இணங்கியது. அவ்வூர்களில் நொடித்துக்கொண்டிருந்த பால்பண்ணை விவசாயிகள் பலருக்குக் குத்தகைப் பணம் உயிர்மூச்சாயிற்று என்பதையும் நாம் மறைக்கலாகாது. அதனாலேயே அண்டை வீட்டார் இரு கட்சியாயினர்.

2012-இல் மாநிலம் பதின்மூன்றாம் சட்டத்தை இயற்றியது. நிறுவனங்களிடம் கட்டணம் வாங்கிக்கொண்டது. பதிலுக்கு, குடியிருப்புப் பகுதி உட்பட எங்கும் தோண்டலுக்கு இடமளிக்குமாறு ஊராட்சிகளைப் பணித்தது. சிற்றூர்கள் சில வழக்குத் தொடுத்தன. 2013 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அவ்விதிகளைச் செல்லாதவை என்றது. குடியரசுக் கட்சியைச் சேர்ந்த தலைமை நீதியரசர் ரொனால்டு காஸ்டில் எழுதிய கருத்துரை, காடழிந்த கதையையும் கரியின் கதையையும் விரித்துரைத்து, உறங்கிய பிரிவை எழுப்பியது. இருவர் அவருடன் ஒப்பினர். நான்காமவர் வேறு காரணங்காட்டி முடிவை மட்டும் ஏற்றார். 2017-இல் பெரும்பான்மைத் தீர்ப்பொன்று 1973-இன் சோதனையை அகற்றி, அரசு உரிமையாளர் அன்று, அறங்காவலரே என்பதை நிலைநாட்டியது. கோயில் சொத்தை நிருவகிப்பவர் அதை விற்றுத் தம் செலவுக்கு வைத்துக்கொள்ளலாகாது என்பது நமக்குப் புதிதன்று. தொடக்க நூலில் தோட்டம் ஆதாமிடம் விடப்பட்டதும் காவலுக்காகவே. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலும் தூய குடிநீரை அடிப்படை மனித உரிமை என்றே கூறுகிறது.

அத்தீர்ப்பு எட்டாத இடமும் உண்டு. கிணற்றுக்கு விதி மாநிலத்தினுடையது. மாநில எல்லை கடக்கும் குழாய்க்கு விதி நடுவண் ஆணையத்தினுடையது. லங்காஸ்டர் மாவட்டத்தில் கிறிஸ்துவின் திரு இரத்தத்தை ஆராதிக்கும் சபையின் அருட்சகோதரிகளுக்குச் சொந்தமான சோள வயல் வழியே எரிவாயுக் குழாய் பதிக்க ஆணையம் இசைவு தந்தது. நிலத்தைப் புனிதமாகப் போற்றும் அவர்கள் விற்க மறுத்தனர். 2017 சூலையில் குழாய்ப் பாதையிலேயே பலகை இருக்கைகளிட்டுத் திறந்தவெளிச் சிற்றாலயம் எழுப்பி, சமய உரிமை கோரி வழக்காடினர். முதலில் ஆணையத்திடமே முறையிட்டிருக்க வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-இல் அவர்களைத் திருப்பியனுப்பியது. அவ்வாண்டு அக்டோபரில் குழாயில் எரிவாயு ஓடத் தொடங்கிற்று. 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அவர்கள் மனுவை விசாரிக்க மறுத்தது.