சிட்டகாங் பறங்கியரின் நாற்பதாண்டுக் கணக்கு

கொல்கத்தாவின் தென்பகுதியில், பாலிகஞ்சை ஒட்டிய லேக் டெரஸ் தெருவின் பத்தாம் எண் இல்லம் வரலாற்றறிஞர் ஜதுநாத் சர்க்கார் வாழ்ந்த இல்லம். 1958இல் அவர் மறைந்த பின்னர் அது சமூக அறிவியல் ஆய்வு மையத்தின் இருப்பிடமாயிற்று. இன்று அவர் பெயரைத் தாங்கிய அருங்காட்சியகமாகவும் ஆவணக் காப்பகமாகவும் விளங்குகிறது. அத்தெருவைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு நினைவில் எழுவது அவருடைய ஔரங்கசீப் வரலாறன்று. 1907இல் வங்காள ஆசியக் கழக இதழில் அவர் வெளியிட்ட, சில பக்கங்களே கொண்ட ஒரு மொழிபெயர்ப்பு. அப்போது அவர் பாட்னாவில் பேராசிரியர். சிட்டகாங்கின் பறங்கிக் கொள்ளையரைப் பற்றியது அக்கட்டுரை.

மனந்திருந்திய கடற்கொள்ளையன் ஐரோப்பியப் புனைகதைகளுக்கு மிகவும் உகந்த பாத்திரம். அவன் தன் பழைய தோழர்களை எதிர்த்து வாளேந்துவான்; ஒரு நற்செயலால் பழைய கணக்கு முழுவதும் தீர்ந்துவிடும். வங்காளக் கடலில் அத்தகைய மாற்றம் உண்மையாகவே ஒருமுறை நிகழ்ந்தது. தனி மனிதன் அல்லன், ஒரு குடியிருப்பே குடும்பங்களோடு படகேறிக் கட்சி மாறியது. அவர்களிடம் அவர்களுடைய கடந்தகாலம் குறித்து ஒரு கேள்வியும் கேட்கப்பட்டது. அவர்கள் அளித்த விடையே இப்பதிவின் பொருள்.

விடைக்கு முன் அவர்கள் செய்ததைச் சொல்லவேண்டும். பதினேழாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் சிட்டகாங் அரக்கான் மன்னரின் ஆட்சியில் இருந்தது. கோவா அரசின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட போர்த்துக்கீசியரும் அவர்தம் கலப்பின வழித்தோன்றல்களும் அங்கே மன்னரின் புகலிடத்தில் வாழ்ந்தனர். ஜல்பா எனப்படும் விரைவுப் படகுகளில் ஏறி, வங்காளத்தின் ஆறுகளுக்குள் நுழைந்து, ஊர்களைச் சூறையாடுவது அவர்கள் தொழில். கொள்ளையில் பாதி மன்னருக்கு. கொள்ளையில் முதன்மையான பொருள் மனிதர்களே. 1629 முதல் சில ஆண்டுகள் அப்பகுதியில் பணியாற்றிய அகஸ்தீனியத் துறவி செபஸ்தியாவோ மான்ரிக், ஆண்டொன்றுக்கு 3,000க்கும் மேற்பட்டோர் இவ்வாறு கொண்டுவரப்பட்டதாகக் கணக்கிடுகிறார்.

சர்க்கார் மொழிபெயர்த்த பாரசீக நூலை எழுதியவர் சிகாபுத்தீன் தாலிஷ். மீர் ஜும்லாவின் அஸ்ஸாம் படையெடுப்பில் உடன்சென்ற முகலாய அலுவலர். அந்நூலின் தொடர்ச்சிப் பகுதி ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்துக் கையெழுத்துப் படியில் இருந்தது. அதில் தாலிஷ் விவரிப்பதைப் படித்தவர் எளிதில் மறக்கமாட்டார். பிடிபட்டோரின் உள்ளங்கைகளைத் துளைத்து, துளைகளினூடே மெல்லிய பிரம்பைக் கோத்து, நாம் மீனை ஈர்க்கில் கோப்பதுபோல் கோத்து, படகின் தளத்தின் அடியில் ஒருவர்மேல் ஒருவராகத் தள்ளினர். காலையும் மாலையும் மேலிருந்து வேகாத அரிசியைக் கோழிகளுக்கு இறைப்பதுபோல் இறைத்தனர். இதில் உயிர் பிழைத்தவர்களே சந்தைக்குச் சென்றனர். இந்து, இசுலாமியர், உயர்குடி, உழவர் என்ற வேறுபாடு படகின் அடித்தளத்தில் இல்லை.

மகர், அதாவது அரக்கானியர், தம் பங்கில் வந்த கைதிகளைப் பெரும்பாலும் தம் வயல்களில் உழைக்க வைத்தனர். பறங்கியரோ விற்றனர். அக்காலத்தில் வங்காளம் வந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியே, வாங்கியோரின் இடங்களை வரிசைப்படுத்துகிறார்: கோவா, இலங்கை, சாந்தோம். ஆம், நம் மயிலாப்பூர்ச் சாந்தோம்தான். டச்சுக்காரரும் அரக்கானில் அடிமைகளை வாங்கிப் பத்தாவியாவுக்குக் கொண்டுசென்றனர். சோழமண்டலக் கடற்கரையின் வணிக வரலாற்றைத் துணியும் மிளகும் கொண்டே எழுதிப் பழகிய நாம் இப்பட்டியலின்முன் சற்று நின்றுதான் ஆகவேண்டும். முதியோரை விலைகொடுத்து வாங்குவார் இலர் என்பதால், அவர்களைப் பிடித்த ஊருக்கே திரும்பக் கொண்டுவந்து விற்றனர் என்கிறார் பெர்னியே. நேற்றுக் காட்டுக்குள் ஓடித் தப்பிய மகன், இன்று ஆற்றங்கரையில் நின்று தந்தைக்கு விலை பேசினான்.

டாக்காவிலிருந்து சிட்டகாங் வரை ஆற்றின் இருகரைகளிலும் குடித்தனம் அற்றுப்போயிற்று என்று தாலிஷ் எழுதுகிறார். நூறாண்டுக்கும் பின் ரென்னெல் வரைந்த வங்காள நிலப்படத்தில் சுந்தரவனப் பகுதியொன்றில், மகரின் சூறையால் கைவிடப்பட்ட நிலம் என்னும் பொருள்படக் குறிப்பு இருக்கிறது. மகரின் பெயர் மட்டுமே! பறங்கியரின் பெயர் அங்கே இல்லை. ஆங்கிலேய நில அளவையாளரின் நினைவு எதை வைத்துக்கொண்டது, எதை விட்டது என்பது தனியே ஆராயத்தக்கது. வங்க மொழி அவ்வளவு மறதியுடையதன்று. சட்டமற்ற ஊரை ‘மகேர் முல்லுக்’ என்கிறது. ‘அர்மாதா’ என்ற போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து பிறந்த ‘ஹர்மாத்’, அண்மைக்கால அரசியல் வசையிலும் உயிரோடு இருக்கிறது.

1664இல் சாயிஸ்தா கான் வங்காள ஆளுநராக வந்தார். சிட்டகாங்கைக் கைப்பற்ற வேண்டுமெனில் பறங்கியரை அரக்கானிடமிருந்து பிரிக்கவேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1665 நவம்பரில் சந்த்வீப் தீவு முகலாயர் கைக்கு வந்தது. பறங்கியருக்குக் கடிதங்கள் சென்றன. அவற்றுள் சில மகரிடம் சிக்கின. அரக்கான் மன்னர் பறங்கிக் குடும்பங்களைத் தம் தலைநகர்ப் பகுதிக்குக் கொண்டுசெல்ல ஆணையிட்டார். அதன் பொருள் என்னவென்று பிறர் குடும்பங்களைப் பெயர்த்துப் பழகிய அவர்களுக்கு எவரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. டிசம்பரில் 40க்கும் மேற்பட்ட ஜல்பாக்களில் மனைவி மக்களோடு நவகாளிக்கு வந்து முகலாயத் தளபதி பர்ஹாத் கானிடம் அடைக்கலம் புகுந்தனர். மனமாற்றம் என்று இதனை அழைக்க எனக்குத் துணிவில்லை. அச்சமும் ஊதியமுமே காரணங்கள். கேப்டன் மூர் என்று தாலிஷ் குறிப்பிடும் அவர்கள் தலைவனுக்கு 2,000 ரூபாய் பரிசும் மாதம் 500 ரூபாய் ஊதியமும் வழங்கப்பட்டன.

சாயிஸ்தா கான் அவர்களிடம் கேட்ட கேள்வி எளியது: முகலாய நாட்டைச் சூறையாட அரக்கான் மன்னர் உங்களுக்கு என்ன ஊதியம் தந்தார்?

அவர்கள் சொன்ன விடையின் சாரம் இது. எங்களுக்கு ஊதியம் முகலாயப் பேரரசுதான். வங்காளம் முழுவதும் எங்கள் ஜாகீர். ஆண்டின் பன்னிரண்டு மாதமும் தொல்லையின்றித் தண்டல் செய்தோம். அமீனும் இல்லை, எழுத்தரும் இல்லை, எவருக்கும் கணக்கு ஒப்புவிக்கும் கடமையும் இல்லை. நீரில் படகோட்டியதே எங்கள் நில அளவை. நிலுவை என்று ஒன்றை நாங்கள் வைத்ததே இல்லை. நாற்பதாண்டுக் கொள்ளையைப் பங்கிட்ட தாள்கள் எங்களிடம் உள்ளன.

ஜமாபந்தி, கிஸ்தி, நிலுவை என்ற சொற்களோடு வளர்ந்த தமிழ் வாசகருக்கு இவ்விடையின் நயம் விளங்கும். வருவாய்த்துறையின் சொல்லகராதி முழுவதையும் கொள்ளைக்குப் பொருத்திப் பேசுகிறார்கள். வருத்தத்தின் சாயலில்லை, பெருமிதத்தின் சாயல் உண்டு.

ஆயினும் இது பறங்கியர் குரல்தானா? எனக்கு ஐயம் உண்டு. அதே கையெழுத்துப் படியில் வேறோரிடத்தில் தாலிஷ், முகலாய அலுவலர் வங்காளக் குடிகளிடமும் வணிகரிடமும் பிடுங்கிய முறையற்ற வரிகளைக் கடுமையாகச் சாடுகிறார். சாயிஸ்தா கான் அவற்றை நீக்கியதைப் போற்றுகிறார். அரசின் தண்டலையும் கொள்ளையையும் ஒரே சொற்களால் அளக்கும் அங்கதம், படகோட்டிக்கு இயல்பானதைவிடக் கணக்கறிந்த ஓர் அலுவலருக்கே இயல்பானது. பறங்கியர் ஏதோ சொல்லியிருக்கலாம். அதற்கு இவ்வடிவத்தைக் கொடுத்த கை தாலிஷினுடையது என்றே கருதுகிறேன். அவ்வாறாயின், கொள்ளையர் தம் கடந்தகாலத்தைப் பற்றிச் சொன்னதாக நமக்கு எஞ்சியிருக்கும் இவ்வாக்குமூலம், தம் அரசின்மீது ஓர் அலுவலர் மறைமுகமாக வைத்த குற்றச்சாட்டும் ஆகும். எப்படிப் படித்தாலும், துளைத்த கைகளைப் பற்றி அக்கேள்வியிலும் இல்லை, விடையிலும் இல்லை.

பின் நடந்தவை விரைவானவை. சாயிஸ்தா கானின் மகன் புசுர்க் உம்மேத் கான் தலைமையில் படை புறப்பட்டது. பர்ஹாத் கான் காட்டை வெட்டி வழியமைத்து நிலவழியே முன்னேறினார். பறங்கியரின் ஜல்பாக்கள் முகலாயக் கப்பற்படையோடு சென்றன. அவ்வாறுகளை அவர்களைவிட நன்கறிந்தவர் எவர்? 1666 ஜனவரி 23, 24 ஆகிய நாள்களில் கடலிலும் கர்ணபூலி ஆற்றிலும் போர் நடந்தது. 135 அரக்கான் படகுகள் பிடிபட்டன. 26ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. ஊர் இசுலாமாபாத் என்று பெயர் மாற்றப்பட்டது. மகரிடம் அடிமைகளாக இருந்த வங்காள உழவர் பெருந்தொகையினர் விடுதலை பெற்று ஊர் திரும்பினர். அவர்களைப் பிடித்துவந்த கூட்டத்தினரும் அவர்களை விடுவித்த படையில் இருந்தனர் என்பதைத் தாலிஷ் தனித்துச் சுட்டவில்லை. சாந்தோமுக்கும் பத்தாவியாவுக்கும் விற்கப்பட்டோர்க்குத் திரும்பும் வழி ஏதும் திறக்கவில்லை.

பறங்கியருக்கு டாக்காவை அடுத்து ஒரு குடியிருப்பு அமைந்தது. முன்சிகஞ்ச் அருகே பிரிங்கி பஜார் என்ற ஊர்ப்பெயர் இன்றும் அதனைச் சொல்கிறது. வெற்றிக்குப் பின் அவர்கள் தேவை குறைந்தது. சாயிஸ்தா கான் மாதக்கணக்கில் ஊதியம் தராமல் விட்டார் என்கிறார் பெர்னியே. அதற்குக் கூறப்பட்ட காரணத்தையும் அவரே பதிவு செய்கிறார்: இவர்கள் துரோகிகள், நம்பத்தகாதவர்கள், பல்லாண்டுகள் உப்பிட்டு வளர்த்த அரக்கான் மன்னரையே காட்டிக்கொடுத்தவர்கள். நாற்பதாண்டுக் கொள்ளையில் ஒரு நாளைக்கூட அக்குற்றப்பட்டியல் சுட்டவில்லை.